படகுப் பாட்டும் கிரைண்டரும்

படூர்,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய மைத்துனர் தாமோதரன் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவர் கோபாலகிருஷ்ணன் எழுதுவது. நலம் என்று தொடங்குவதுதான் முறை. என் நலம் இரண்டு பக்கம் தள்ளி வருகிறது, பொறுத்துக்கொள்ளவும். உங்கள் நலத்துக்கும், உங்கள் மனைவி சகுந்தலாவின் நலத்துக்கும், செங்கல்பட்டில் உங்கள் மாடி அறையில் ஒரு வாரமாகத் தங்கியிருக்கும் உங்கள் அக்கா வசுமதியின் நலத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன். போனில் உங்களை வா, போ என்றுதான் பேசுவேன். பேனாவை எடுத்ததும் கை தானாக மரியாதைக்குப் போய்விட்டது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கருவிப் பிரிவில் இருந்த காலமெல்லாம், நடந்ததை நடந்தபடி, யார் மீதும் பழி போடாமல் அறிக்கை எழுதிப் பழகிய கை அது. இதையும் ஓர் அறிக்கையாகவே எடுத்துக்கொள்ளவும். இதில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. வசுமதி திரும்பி வர வேண்டும் என்று இதில் எங்கேயும் கேட்கப்போவதில்லை. அவளாகப் போனாள், அவளாக இருக்கிறாள், அது அவள் விருப்பம்.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். அதையும் முயன்று பார்த்தாயிற்று. முன்னுரை, பின்னணி, நிகழ்வு, முடிவுரை என்று ஒழுங்காகப் பிரித்துக்கொண்டு, நடுவில் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசி, வசுமதிக்குக் குரல் செய்தியாக அனுப்பினேன். நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை. பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் அனுவிடம் விசாரித்தேன். "கேட்டாங்கப்பா. ரெண்டு நிமிஷம் கேட்டாங்களாம். நீங்க இன்னும் அறிமுகத்துலயே இருந்தீங்களாம். போனை வெச்சுட்டு வெண்டைக்காய் நறுக்கப் போயிட்டாங்க" என்றாள். "சாரின்னு ஒரே ஒரு வார்த்தை அனுப்புங்கப்பா, போதும்" என்று யோசனையும் சொன்னாள். முன்னும் பின்னும் இல்லாமல் மொட்டையாக ஒரு வார்த்தையை எப்படி அனுப்புவது? எதற்கு சாரி, எந்தச் சூழ்நிலையில் சாரி, எதெதற்கு சாரி இல்லை என்பதையெல்லாம் படிக்கிறவர் ஊகித்துக்கொள்ள வேண்டுமா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே சுருக்கமாக வேண்டும்.

இது ஒருபுறம் இருக்க, உங்கள் மைக் செட் கடை மணி இன்று காலை வந்து சேர்ந்தார். கேளம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போட்ட ஸ்பீக்கர் பெட்டிகளைக் கழற்றிக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியாம். சும்மா எட்டிப் பார்க்க வந்திருக்கிறார் என்று காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு நேராகச் சமையலறைக்குள் போய் மேடையைப் பார்த்தார். "இன்னா மணி?" என்றேன், அவர் பாஷையிலேயே. "உங்களுக்குத் தெரியாதா சார்? அக்கா கிரைண்டரை எடுத்துகினு வரச் சொல்லிக்கீறாங்க" என்றார்.

தாமோதரன், நீங்கள் விவரம் தெரிந்தவர். புடவை போகும், வரும். அவளுடைய மூக்குக்கண்ணாடியையும் மாத்திரைகளையும் நானே கூரியரில் அனுப்பினேன், அவையும் திரும்பி வரக்கூடியவை. கிரைண்டர் அந்த ரகம் இல்லை. ஒரு குடும்பத்தில் கிரைண்டர் வாசலைத் தாண்டினால், ஒன்று வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று பொருள். இன்னொரு பொருளை நான் எழுத விரும்பவில்லை. மேலும் உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு கிரைண்டர் இருக்கிறது. சகுந்தலாவின் சீதனம், நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கிரைண்டர் எதற்கு? மணியை ஹாலில் உட்காரவைத்து, ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், முடிக்கிற வரைக்கும் அதைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் டிவியைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

உங்கள் அக்கா உங்களிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. "ஒரு பாட்டு விஷயம்" என்று சொல்லியிருப்பாள். என்ன பாட்டு, என்ன விஷயம் என்பதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது? அதற்குப் பெயர் புரோகிரசிவ் ராக். தமிழில் முற்போக்கு ராக் என்றால் கட்சி மேடையில் பாடுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள், அதனால் அப்படியே எழுதுகிறேன். எழுபதுகளில் இங்கிலாந்தில், நன்றாகப் படித்த வீட்டுப் பையன்கள் முடி வளர்த்துக்கொண்டு, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டாகப் போட்டார்கள். தாளம் மாறும், சுருதி மாறும், திடீரென்று புல்லாங்குழல் வரும், இடி இடிக்கும், பாடகர் நெடுநேரம் காணாமல் போய்விட்டு ஒன்றும் நடக்காதவர் போலத் திரும்பி வருவார். நம் கச்சேரிக் கணக்கில் ராகம் தானம் பல்லவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வானொலிக்காரர்களுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் பொறுமை கிடையாது. ஆகவே கம்பெனிக்காரர்கள் கத்தரியை எடுத்து, நடுவிலிருந்து நல்ல சதைப்பற்றாக ஒரு துண்டை வெட்டி, சின்னத் தட்டில் போட்டு விற்றார்கள். அது சிங்கிள். ஊரெல்லாம் ஓடிவிட்டால் ஹிட் சிங்கிள். கச்சேரி முடிவில் பாடுகிற துக்கடா மாதிரி. துக்கடாவுக்கென்றே வருகிறவர்கள் எங்கேயும் உண்டு. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் போண்டா தேடி எழுந்து போகிறவர்களும் அவர்களேதான்.

இந்த நோய் எனக்கு எப்படி ஒட்டியது என்பதையும் வரலாற்றுத் துல்லியத்துக்காகப் பதிவு செய்கிறேன். கல்யாணமான புதிதில் ஒரு விடுமுறை நாளில் மாமல்லபுரம் போனோம். வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு அடியில் வசுமதியை நிறுத்தி, இரண்டு கையையும் தூக்கி அவளே அந்தப் பாறையைத் தாங்கிப் பிடித்திருப்பது போல ஒரு போட்டோ எடுத்தேன். எங்கள் ஹாலில் மாட்டியிருந்தது, நீங்களும் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். திரும்பும்போது ஒரு கடையில், வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கேசட்டுகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு பாட்டு ஓடியது. வசுமதி நின்றுவிட்டாள். "இது நல்லாயிருக்கே, படகுல போற மாதிரி இருக்கு" என்றாள். அவளுக்காகத்தான் அந்தக் கேசட்டை வாங்கினேன். பாடிய குழுவின் பெயர் ஒரு முழு வாக்கியம், அதில் ஒரு கமாவும் உண்டு, விட்டுவிடுகிறேன். வீட்டுக்கு வந்து போட்டால், ஒரு பக்கத்தில் அந்தச் சின்னப் பாட்டு இருந்தது. மறுபக்கத்தில் அது எதிலிருந்து வெட்டப்பட்டதோ அந்த முழுப் பாட்டு, ஏழு பகுதிகள், இருபத்துமூன்று நிமிடம். நான் மறுபக்கத்துக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவள் இந்தப் பக்கத்திலேயே இருந்துவிட்டாள். எங்கள் இல்லறத்தை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

அந்தச் சின்னப் பாட்டை அவள் இன்று வரைக்கும் படகுப் பாட்டு என்றுதான் சொல்கிறாள். மாவு அரைபடும்போது அதை முணுமுணுப்பாள். கிரைண்டர் சத்தத்துக்கு அது சரியாகச் சேருகிறது என்பாள். சேராது. அது ஏழு ஏழாக எண்ண வேண்டிய தாளம்; கிரைண்டருக்குத் தாளம் என்று ஒன்று கிடையாது, மோட்டார்தான் உண்டு. பலமுறை விளக்கியிருக்கிறேன்.

இப்போது நிகழ்வுக்கு வருகிறேன். எங்கள் அடுக்ககச் சங்கத்தின் கலாசாரச் செயலாளர் ரோஹித், ஐ.டி.யில் வேலை பார்க்கும் பிள்ளை, ஒருநாள் லிப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "அங்கிள், உங்க வீட்டுக் கதவுல எப்பவும் புரோக் ராக் கேக்குதே! ஆனுவல் டேயில இருபது நிமிஷம் காலியா இருக்கு. 'புரோகிரசிவ் ராக்கின் தலைசிறந்த ஹிட் சிங்கிள்கள்'னு பேசிடுங்க, சூப்பரா இருக்கும்" என்றார். இது சைவ ஓட்டலின் தலைசிறந்த மீன் குழம்பு என்று கேட்பது போல இருக்கிறதே தம்பி என்றேன். அவர் சிரித்துக்கொண்டே நோட்டீஸில் போட்டுவிட்டார். சின்னக் குழந்தைகள் நடனத்துக்கும் தம்போலா விளையாட்டுக்கும் நடுவில் என் பெயர். ஒலி ஏற்பாடு உங்கள் கடைதான் என்பதும், பொறுப்பு மணிதான் என்பதும் உங்களுக்கே தெரியும்.

நான் பொறுப்பாகத் தயாரித்தேன். ஹிட் சிங்கிள்களில் மூன்று ஜாதி உண்டு என்பது என் ஆராய்ச்சி. முதலாவது, பெரிய பாட்டிலிருந்து வெட்டிய துண்டு. இரண்டாவது, தட்டில் கொஞ்சம் இடம் மீந்துபோனதே என்று பத்து நிமிடத்தில் கட்டி ஒப்பேற்றியது. அதுதான் நன்றாக ஓடித் தொலைக்கும், அதன் பிறகு அந்தக் குழுவை எந்த ஊருக்குப் போனாலும் அதைப் பாடச் சொல்வார்கள், அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவார்கள். மூன்றாவது, எண்பதுகளில் எல்லோரும் தாடியை மழித்துவிட்டு, முழுக்கால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே குட்டையாகப் பாடியது. மூன்றையும் விளக்கிவிட்டு, ஆகவே முதலிடம் யாருக்கும் இல்லை என்று அறிவித்து, ஒரு பாட்டை முழுதாகக் கேட்டால் என்ன ஆகும் என்று காட்டுவதற்காக அந்த இருபத்துமூன்று நிமிடத்தையும் போடுவது என் திட்டம். நிமிடக் கணக்கு ரோஹித்துக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பேச்சு நன்றாகவே போனது. முன்வரிசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். பாட்டைப் போடச் சொன்னேன். மூன்றாம் பகுதியில் ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்ன மாற்றம் இருக்கும், கூர்ந்து கேட்டால்தான் தெரியும். உங்கள் மணி கூர்ந்து கேட்கவில்லை. "சார், பாட்டு மாட்டிகினு கீது சார்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, நான் கையை ஆட்டுவதற்குள் பென் டிரைவைப் பிடுங்கி, சட்டையில் துடைத்து, மறுபடி செருகினார். பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. நடுவிலிருந்து போடத் தெரியுமா என்று கேட்டேன். "இதுல ஏது சார் நடு? எங்க வெச்சாலும் ஒண்ணாத்தான் கீது" என்றார். சபையில் முதல் சிரிப்பு அப்போது கிளம்பியது. நான் பொருட்படுத்தவில்லை.

இரண்டாம் முறை ஓட்டம் ஐந்தாம் பகுதி வரை வந்தது. அந்தப் பகுதியில் கீபோர்டு மட்டும் தனியாக, மெல்ல ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, இறங்கி, நெடுநேரம் ஊளையிடும். எங்கள் அடுக்ககத்தில் பாதிப் பேர் கல்பாக்கத்தில் ஓய்வு பெற்றதும் கும்பலாக வந்து வீடு வாங்கியவர்கள். டவுன்ஷிப்பில் இருந்தவர்களுக்கு அவசரகால ஒத்திகை என்பது பொங்கல், தீபாவளி போல வந்துபோகிற சமாசாரம். சங்கு ஏறி இறங்கி ஊதினால் உள்ளே போக வேண்டும், கதவு ஜன்னலைச் சாத்த வேண்டும், மின்விசிறி, ஏசியை அணைக்க வேண்டும், சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது. ஒரே சீராக நீளமாக ஊதினால் ஆல் கிளியர், அதாவது ஆபத்து நீங்கியது, போகலாம். நாலாவது மாடி காசிநாதன் அந்த ஒத்திகைகளுக்குப் பொறுப்பாளராகப் பல வருடம் இருந்தவர். அன்று தம்போலாவுக்காகச் சீக்கிரமே வந்து உட்கார்ந்து, என் பேச்சில் கண் அசந்திருந்தார். ஊளை கேட்டதும் தூக்கிவாரிப்போட்டு எழுந்து, "எல்லாரும் உள்ளேயே இருங்க! ஜன்னலைச் சாத்துங்க! ஃபேனை நிறுத்துங்க!" என்றார். ஓய்வு பெற்ற அத்தனை பேரும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து சாத்தினார்கள். நிறுத்தினார்கள். உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

மேடையில் இருந்த எனக்குப் பாட்டின் சத்தத்தில் காசிநாதன் சொன்னது காதில் விழவில்லை. நான் பார்த்ததெல்லாம், ஒரு பெருங்கூட்டம் வெளிச்சத்தம் நுழையக் கூடாது என்று ஜன்னலை அடைத்து, மின்விசிறியின் இரைச்சலும் வேண்டாம் என்று அணைத்து, வேர்க்க வேர்க்க அசையாமல் கேட்டதைத்தான். இத்தனை வருடம் தனியாகக் கேட்ட பாட்டு, தாமோதரன். பாட்டு ஏழாம் பகுதியில் சட்டென்று வெட்டினாற்போல முடியும். முடிந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நன்றி என்றேன். அப்போதும் யாரும் எழுந்திருக்கவில்லை. என் வாழ்க்கையில் இப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். அப்போது காசிநாதன் கையைத் தூக்கி, "கோபால் சார், ஆல் கிளியர் எப்ப வரும்?" என்று கேட்டார்.

விஷயம் புரிய எல்லோருக்கும் ஒரு நொடி பிடித்தது. பிறகு இளைஞர்கள் பக்கத்திலிருந்து கிளம்பிய சிரிப்பு, ஜன்னல்கள் சாத்தியிருந்ததால் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றியது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது வரிசையிலிருந்து வசுமதி எழுந்தாள். "ஏங்க, அந்தப் படகுப் பாட்டைப் போடுங்களேன். சின்னதா இருக்கும், எல்லாருக்கும் பிடிக்கும்" என்றாள். மணி உடனே, "அக்கா சொன்னாக் கரெக்டு, போட்றலாம்" என்றார். சிரிப்பை அடக்கி என்னைக் கரையேற்றத்தான் அம்மா அப்படிக் கேட்டார்கள் என்று அனு இப்போது சொல்கிறாள். இருக்கலாம். அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை. மைக் வேறு கையில் இருந்தது.

நான் சொன்னது இதுதான், வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "ஹிட் சிங்கிள் கேட்பவர்கள் யார் தெரியுமா? மாமல்லபுரம் வந்து, அவ்வளவு சிற்பத்தையும் விட்டுவிட்டு, வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு அடியில் கையைத் தூக்கிக்கொண்டு போட்டோ எடுத்துவிட்டு, பார்த்தாச்சு என்று வீட்டுக்குப் போகிறவர்கள்." பொதுவாகச் சொன்ன உவமைதான். ஆனால் அந்தச் சபையில் முக்கால்வாசிப் பேர் எங்கள் ஹாலில் உட்கார்ந்து காபி குடித்தவர்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பி வசுமதியைப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். இம்முறை காசிநாதனும் சிரித்தார்.

வசுமதி சண்டை போடவில்லை. தம்போலாவுக்கு இருக்கவும் இல்லை. நான் வீட்டுக்குப் போனபோது சுவரில் போட்டோ இல்லை. அது இருந்த இடம் மட்டும் சதுரமாக, சுண்ணாம்பு மங்காமல் வெள்ளையாக இருந்தது. மறுநாள் காலை கேளம்பாக்கத்தில் பஸ் பிடிக்கக் கிளம்பினாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "மாவு பிரிட்ஜ்ல இருக்கு. இத்தனை வருஷம் தாங்கிப் பிடிச்சாச்சு. இப்ப கையை எடுக்கறேன். பாறை உருளுதா, நிக்குதான்னு பாத்துக்குங்க." நான் பாறை எங்கே வந்தது என்று கேட்டேன். லிப்ட் கதவு மூடிவிட்டது.

பாறை உருளவில்லை என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். வீடு வழக்கம்போல நடக்கிறது. அவள் வைத்துவிட்டுப் போன மாவு வியாழக்கிழமை வரை வந்தது. புளித்துவிட்டது, ஆனாலும் தின்றேன். பிறகு நானே அரிசி, உளுந்து ஊறவைத்து நேற்று அரைத்தேன். தண்ணீர் சற்றுக் கூடிவிட்டது. தோசை என்று ஊற்றினால் கல்லின் விளிம்பைத் தேடி ஓடுகிறது. பால்காரர் அம்மா எங்கே என்றார். இஸ்திரிக்காரர் அம்மா எங்கே என்றார். காசிநாதன் காலை நடையில் என்னைக் கண்டால் ஒரே சீராக நீளமாக ஒரு விசில் அடிக்கிறார், ஆல் கிளியராம். இவற்றால் எனக்கு ஒரு பாதிப்பும் இல்லை. முழுப் பாட்டை இப்போது எந்த நேரத்திலும், யாரும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லாமல் கேட்கலாம். போடத்தான் தோன்றவில்லை. அது வேறு விஷயம்.

நடுவில் மணி எழுந்து வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இன்னா சார், இன்னும் எழுதிகினே கீறீங்க? பரீட்ச பேப்பர் கணக்கா அடிசனல் ஷீட்டு வாங்குவீங்க போல கீதே!" என்றார். முக்கியமான கடிதம் மணி என்றேன். "யாருக்கு சார், தாமு அண்ணாத்தைக்கா? அண்ணன் கல்யாணப் பத்திரிகையிலயே தேதியும் மண்டபமும் மட்டுந்தான் பாக்கும்" என்றார். உங்களைப் பற்றி உங்கள் ஆள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எனவே ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை உங்கள் அக்காவிடம் படித்துக் காட்டுவதானால் முழுதாகப் படித்துக் காட்டவும். நடுவிலிருந்து ஒரு பத்தியை உருவி "மாமா இப்படி எழுதியிருக்கார்" என்று சொல்ல வேண்டாம். முன்னுரை இல்லாமல் நிகழ்வு புரியாது. நிகழ்வு இல்லாமல் என் நிலை புரியாது. ஒரு பெரிய விஷயத்தை வெட்டிச் சின்னதாக்கினால் அது அந்த விஷயமே இல்லை என்பதுதான் நான் அன்று சபையில் சொல்ல வந்தது. அதில் இன்றும் மாற்றமில்லை. அவள் வேண்டுமட்டும் அங்கே இருக்கட்டும். கிரைண்டரை இத்துடன் அனுப்பிவைக்கிறேன். மேல் மூடியில் ஒரு கிளிப் தளர்ந்திருக்கிறது, கவனமாக இறக்கச் சொல்லவும்.

தங்கை சகுந்தலாவுக்கு என் ஆசிகள். உங்கள் தொழில் மென்மேலும் சத்தமாக வளரட்டும். பெரியவர்கள் யாரேனும் விசாரித்தால் என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
நேற்றுவரை உங்கள் அக்காவின் கணவரும், இன்றும் அவ்வாறே இருப்பதாக நம்புகிறவருமான,
கோ. கோபாலகிருஷ்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, கிரைண்டரைத் தூக்க மணிக்கு ஒரு கை கொடுக்கப் போனேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தாயிற்று. அப்போது மணி, "அக்கா கேட்டா இன்னா சார் சொல்றது? அத்த மட்டும் சொல்லுங்க, இந்தப் பொஸ்தகத்த அவங்க படிக்கமாட்டாங்க" என்றார். கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டேன். ஏற்கெனவே எழுதியதில் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது. நேற்று மாவு அரைத்தபோது, சோதனை செய்து பார்க்கலாம் என்றுதான், படகுப் பாட்டை வாய்க்குள் பாடிப் பார்த்தேன். கல் சுற்றுகிற சத்தத்துக்கு அது சரியாகச் சேருகிறது. மாவில் தண்ணீர் கூடிப்போனது அதனால்தான், பார்க்கவில்லை, பாடிக்கொண்டிருந்தேன்.

ஆகவே, தாமோதரா, மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம். கீழே வானொலிக்கு வெட்டுவது போல வெட்டித் தருகிறேன். இதை மட்டும் உன் அக்காவிடம் படி:

வசு, நான் பேசினது தப்பு. பாட்டு நல்ல பாட்டு. பாறை உருளுது. வந்துடு.

கிரைண்டர் இங்கேயே இருக்கட்டும். அது வர இருந்த இடத்தில், மணி பக்கத்தில், குட்டியானையில் நான் வருகிறேன்.